கலைந்தது 1981 வேடம்

பழைய விண்டோஸ் புதுக் கணினியில் ஏன் எழுந்திருக்க மறுக்கிறது?

கணினிக் கடையில் லேப்டாப் விலை விசாரித்தவர்களுக்கு ‘டாஸ் மாடல்’ பழகிய சொல். விண்டோஸ் உரிமத்துக்கான தொகையைக் கழித்துக்கொண்டு, பேருக்கு ஃப்ரீடாஸ் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போட்டுத் தருவார்கள். வாங்கியவர் அதன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அன்று மாலையே தெரிந்த பையன் ஒருவன் பென்டிரைவோடு வந்து உட்கார்ந்து, விண்டோஸோ உபுண்டுவோ போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போவான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எச்பி நிறுவனத்தின் இஸட்புக் லேப்டாப்பை இப்படி ஃப்ரீடாஸோடு வாங்கிய ஒருவர், டிஸ்க்கை அழிப்பதற்கு முன் உள்ளே என்னதான் இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தார். திரையில் தெரிந்தது டாஸ்தான். ஆனால் பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுந்தது டெபியன் லினக்ஸ். அந்த லினக்ஸ், கியூஎமு என்ற மென்பொருளை ஓடவிட்டு ஒரு கற்பனைக் கணினியை உருவாக்கியது. அந்தக் கற்பனைக் கணினிக்குள்தான் ஃப்ரீடாஸ் ஓடிக்கொண்டிருந்தது. டாஸ் மாடல் என்று விற்ற பெட்டியில் டாஸ் நேரடியாக ஓடவே ஓடாது!

எச்பியைக் கிண்டல் செய்வது எளிது. ஆனால் அவர்களுக்கும் வேறு வழியிருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு பி.சி.யும் பவர் வந்ததும் சில நொடிகளுக்கு 1981ஆம் ஆண்டின் ஐபிஎம் கணினியாக வேடம் போட்டது. 2020ஐ ஒட்டி அந்த வேடத்தைக் கலைத்துவிட்டார்கள். அதற்கு யாரும் விழா எடுக்கவில்லை, தலைப்புச் செய்தியும் போடவில்லை. பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிடியைத் தூசி தட்டி எடுத்துப் புதுக் கணினியில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் அது தெரியவருகிறது.

அந்த 512 பைட்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, மதர்போர்டில் ஒரு சிப்பில் பயாஸ் என்ற சிறு நிரலைப் பதித்து வைத்தது. பவர் வந்ததும் பிராசசர் அதைத்தான் முதலில் படிக்கும். பயாஸ், டிஸ்க்கின் முதல் 512 பைட்டை எடுத்து, நினைவகத்தில் எப்போதும் ஒரே முகவரியில் வைத்து, ‘இனி உன் பாடு’ என்று விலகிக்கொள்ளும். ஓஎஸ்ஸின் முதல் அடி அந்த 512 பைட்டுக்குள் இருக்கும். அதன் பிறகும் திரையில் ஓர் எழுத்தைக் காட்ட வேண்டுமா, டிஸ்க்கில் ஒரு துண்டைப் படிக்க வேண்டுமா, பயாஸைக் கூப்பிட்டால் செய்து தரும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. திரைக்கு 10, டிஸ்க்குக்கு 13, விசைப்பலகைக்கு 16.

காம்பேக்கும் ஃபீனிக்ஸும் இதே பயாஸைச் சட்டச் சிக்கல் வராதபடி தாங்களே புதிதாக எழுதி, 1980களின் முதல் பாதியிலேயே ஐபிஎம்முக்குப் போட்டியாக ஒரு சந்தையை உருவாக்கினார்கள். அன்றிலிருந்து யார் கணினி செய்தாலும் ஒரே கேள்விதான்: ஐபிஎம்மில் ஓடுவது இதில் ஓடுமா? ஓடவில்லையென்றால் விற்காது. பிராசசரின் வேகம் ஆயிரம் மடங்கு ஏறியது. நினைவகம் கிலோபைட்டிலிருந்து கிகாபைட்டுக்குப் போனது. ஆனால் 2010இல் வாங்கிய கோர் ஐ7 கணினியும் பவர் வந்த கணத்தில் 1978இல் வந்த 8086 பிராசசராகத்தான் கண்விழித்தது. டாஸ் ஃபிளாப்பியைக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் ஓட்டியது. வேறெந்தத் தொழிலில் இப்படியொரு விசுவாசத்தைப் பார்த்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

பயாஸை ஓரங்கட்டும் வேலையை இன்டெல் 1990களின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. இட்டானியம் என்ற பெரிய பிராசசருக்காக அவர்கள் எழுதிய ஏற்பாடு, 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பொது அமைப்பின் கைக்குப் போய் யுஇஎஃப்ஐ என்று பெயர் பெற்றது. புது வழியில் 512 பைட் கணக்கெல்லாம் கிடையாது. டிஸ்க்கில் ஒரு பார்ட்டிஷனில் கோப்பாகவே இருக்கும் நிரலை அது நேராக எடுத்து ஓட்டும். பழைய ஓஎஸ்களுக்காக சிஎஸ்எம் என்ற இணைப்பையும் வைத்தார்கள். செட்டப் திரையில் ‘லெகசி’ என்ற பெயரில் நம்மில் பலர் பார்த்திருப்பது அதைத்தான். அதைத் தட்டிவிட்டால் கணினி மறுபடியும் 1981க்குப் போய்விடும். 2017இல் இன்டெல், 2020க்குள் இந்த சிஎஸ்எம்மைத் தன் தளங்களிலிருந்து எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. சில மதர்போர்டுகளில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான புது லேப்டாப்புகளில் தேடினாலும் கிடைக்காது.

எக்ஸ்பி சிடியும் ஏழாம் விண்டோஸும்

எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வந்தது. அன்றைய ஹார்டு டிஸ்க்குகள் அகலமான சாம்பல் நிற ரிப்பன் கேபிளில் தொங்கியவை. பிறகு சாட்டா வந்தது, அதைப் பேசவைக்கும் ஏஎச்சிஐ முறை வந்தது. எக்ஸ்பி சிடிக்கு அந்த மொழி தெரியாது. இன்ஸ்டால் தொடங்கும், கோப்புகளை வரிசையாகப் படிக்கும், பிறகு நீலத் திரை விழும். 7பி என்று முடியும் அந்தப் பிழை எண்ணை அன்று கணினி சர்வீஸ் செய்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ‘பூட் செய்ய வேண்டிய டிஸ்க்கையே காணோம்’ என்று அர்த்தம். இதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த வழி, தொடக்கத்திலேயே எஃப்6 விசையை அழுத்தி டிரைவரை ஃபிளாப்பியில் கொடுப்பது. ஃபிளாப்பி டிரைவே இல்லாத கணினியில் ஃபிளாப்பி கேட்டால் என்ன செய்ய? செட்டப்பில் போய் சாட்டாவைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றித்தான் அன்று பலரும் தப்பித்தார்கள். இன்றைய பெட்டிகளில் அந்த மாற்றும் வசதி இல்லை. பெரும்பாலானவற்றில் டிஸ்க்கே என்விஎம்இ அட்டையாகிவிட்டது. எக்ஸ்பி வந்து பத்து ஆண்டு கழித்துப் பிறந்த முறை அது.

டிஸ்க்கைத் தாண்டினால் மின் மேலாண்மைக்கான ஏசிபிஐ அட்டவணைகள் நிற்கும். புது மதர்போர்டு தரும் அட்டவணையை எக்ஸ்பியால் படிக்க முடியாமல் இன்னொரு நீலத் திரை. எல்லாவற்றுக்கும் மேல், 32 பிட் எக்ஸ்பிக்கு யுஇஎஃப்ஐ வழியாக எழுந்திருக்கவே தெரியாது. ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. விண்டோஸ் 8க்கு எழுதிய டிஸ்க் டிரைவர்களை அறுத்து ஒட்டி எக்ஸ்பிக்கு ஏற்றபடி ஆக்கியிருக்கிறார்கள், ஏசிபிஐ கோப்பையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். சிஎஸ்எம் இருக்கும் பெட்டியாகக் கிடைத்தால், பொறுமையும் இருந்தால், எக்ஸ்பி எழுகிறது. ஒலி வராமல் போகலாம், வைஃபை வராமல் போகலாம். எக்ஸ்பியின் அந்தப் பச்சைப் புல்வெளி முகப்புப் படம் மட்டும் வந்துவிடும்.

ஏழாம் விண்டோஸின் கதை இதைவிட வேடிக்கையானது. 2015இல் ஸ்கைலேக் பிராசசர்களோடு வந்த சிப்செட்டில் இன்டெல் பழைய யுஎஸ்பி கட்டுப்படுத்தியை நீக்கிவிட்டது. யுஎஸ்பி 3 கட்டுப்படுத்தி மட்டும் மிஞ்சியது. அதற்கான டிரைவர் விண்டோஸ் 7 டிஸ்க்கில் இல்லை. விளைவு என்ன தெரியுமா? பென்டிரைவிலிருந்து இன்ஸ்டாலர் அழகாக எழும், ‘மொழியைத் தேர்ந்தெடு’ என்று கேட்கும், தேர்ந்தெடுக்க மவுஸும் அசையாது, விசைப்பலகையும் வேலை செய்யாது. எழுந்து வரும்வரை பயாஸ் பார்த்துக்கொண்டது. விண்டோஸ் பொறுப்பேற்றதும் யுஎஸ்பி என்றால் என்னவென்றே தெரியாமல் விழித்தது. பின்பக்கம் அந்தப் பழைய வட்ட பிஎஸ்/2 துளை வைத்திருந்த மதர்போர்டுக்காரர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள், டிரைவரை டிஸ்க் இமேஜுக்குள் முன்கூட்டியே திணித்துத்தான் போட வேண்டியிருந்தது.

அதையும் கடந்து யுஇஎஃப்ஐ வழியில் போட்டால், நான்கு வண்ணப் பந்துகள் வர வேண்டிய இடத்தில் திரை உறைந்து நிற்கும். 64 பிட் விண்டோஸ் 7க்கு யுஇஎஃப்ஐ தெரியும். ஆனால் திரையைத் தொடங்குவதற்கு மட்டும் அது பயாஸின் அந்தப் பத்தாம் எண்ணைக் கூப்பிடுகிறது. பயாஸே இல்லாத பெட்டியில் அந்த அழைப்பை எடுக்க ஆளில்லை.

எல்லாத் தடையும் தொழில்நுட்பத் தடை என்றும் சொல்லிவிட முடியாது. 2016 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், இனி வரும் பிராசசர்களுக்கு விண்டோஸ் 10 மட்டும்தான் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு, கேபி லேக், ரைசன் பிராசசர் உள்ள கணினிகளில் விண்டோஸ் 7 போட்டிருந்தவர்களுக்கு அப்டேட் கேட்டால் ‘உங்கள் வன்பொருளுக்கு ஆதரவில்லை’ என்ற பெட்டி வந்தது. அந்தப் பூட்டையும் சில வாரங்களில் ஆர்வலர்கள் திறந்துவிட்டார்கள். அந்த அப்டேட்டுகள் அந்தப் பிராசசர்களில் சிக்கலில்லாமல் ஓடின. அது வியாபார முடிவு என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

வேகமே விஷமானபோது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புதுக் கணினியில் பழைய ஓஎஸ் தடுக்கி விழுவதற்குக் காரணம் எப்போதும் டிரைவர் இல்லாததல்ல. சில நேரம் கணினியின் வேகமே அதைக் கொல்கிறது.

1990களில் மென்பொருள் எழுதியவர்களுக்குச் சிறிய கால இடைவெளியை அளக்க ஒரு வழி வேண்டியிருந்தது. வெறும் சுற்று ஒன்றை ஓடவிட்டு, குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக்கொள்வார்கள். டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் இப்படித்தான் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டன. 55 மில்லி நொடியில் எத்தனை சுற்று என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். விடையை 16 பிட் இடத்தில் வைக்கும். அதில் 65,535 வரைதான் கொள்ளும். ஒரு மில்லி நொடியில் அதைவிட அதிகம் சுற்றும் கணினி வரும் என்று எழுதியவர் எண்ணவில்லை. 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பென்டியம் கணினிகள் வந்ததும் விடை வழிந்தது. ‘ரன்டைம் எரர் 200’ என்று ஆயிரக்கணக்கான நிரல்கள் தொடங்கும் முன்பே செத்தன. சுழியால் வகுத்ததாக அந்தப் பிழைச் செய்தி சொல்லும். உண்மையில் யாரும் சுழியால் வகுக்கவில்லை. விடை பெரிதாகிவிட்டதற்கும் பிராசசர் அதே மணியைத்தான் அடிக்கும்.

விண்டோஸ் 95இல் நிஜமாகவே சுழி வந்தது. அதன் நெட்வொர்க் பகுதி ஒரு சுற்றைப் பத்து லட்சத்துச் சொச்சம் முறை ஓட்டி, எடுத்துக்கொண்ட மில்லி நொடிகளால் வகுத்து வேகத்தைக் கணித்தது. 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய பிராசசர் அந்தச் சுற்றை முடிக்கும்போது கடிகாரம் நகர்ந்திருக்காது. ‘விண்டோஸ் புரொடெக்‌ஷன் எரர்’ என்று கறுப்புத் திரையில் நின்றுவிடும். இதற்கு முன்பே ஏஎம்டியின் கே6-2 பிராசசர் 350 மெகாஹெர்ட்ஸிலேயே இதுபோல் சிக்கியது. அந்தச் சுற்றுக் கட்டளையை அது மற்ற பிராசசர்களைவிட வேகமாக முடித்ததுதான் அதன் குற்றம்.

விண்டோஸ் 98க்கு வேறு நோய். 512 எம்பிக்கு மேல் ரேம் இருந்தால், டிஸ்க் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தை அளவில்லாமல் பெருக்கிக்கொண்டு, கடைசியில் ‘நினைவகம் போதவில்லை’ என்று சொல்லும். ரேம் கூடியதால் ரேம் போதாமல் போகும் விந்தை அது. சிஸ்டம் டாட் ஐஎன்ஐ கோப்பில் ஒரு வரி சேர்த்தால் சரியாகும்.

இதைவிட நுட்பமான ஒன்று அண்மைக் காலம்வரை ஒளிந்திருந்தது. நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்ற சிறு பட்டியலைப் பிராசசர் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இடம் மாறினால், ‘பழைய பட்டியலை அழி’ என்று ஓஎஸ் சொல்ல வேண்டும். விண்டோஸ் 9எக்ஸ் வரிசை ஓரிடத்தில் அதைச் சரியாகச் சொல்லவில்லை. பழைய பிராசசர்களின் பட்டியல் சிறியதாக இருந்ததால் அவை தாமாகவே மறந்துவிட்டன, பிழை வெளியே தெரியவில்லை. 2019 முதல் வந்த ஏஎம்டி ஸென் 2 போன்றவை எளிதில் மறப்பதில்லை. அவற்றில் விண்டோஸ் 98 காரணம் புரியாமல் விழுந்துகொண்டே இருந்தது. பிழையைக் கண்டுபிடித்து ஒட்டுப்போட்டு, பேட்சர்9எக்ஸ் என்று 2022இல் இலவசமாகக் கொடுத்தவர்கள் ஆர்வலர்கள். மைக்ரோசாஃப்ட் அந்த ஓஎஸ்ஸைக் கைகழுவி அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

யாருக்கு வேண்டும் இது?

ஏக்கத்துக்காக எக்ஸ்பி போடுகிறவர்களை விட்டுவிடுவோம். தேவைக்காகப் போடுகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். தமிழில் டிடிபி தொழில் வளர்ந்தது பேஜ்மேக்கரில். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். யூனிகோட் பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குறியீடு. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், முழுப் புத்தகங்கள் என்று எவ்வளவோ அந்தக் கோப்புகளில் கிடக்கின்றன. வேறு மென்பொருளில் திறந்தால் எழுத்து குலைந்துபோகும். சில எழுத்துரு மென்பொருள்களுக்குக் கணினியின் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் வேறு வேண்டும். இன்றைய லேப்டாப்பில் அந்தப் போர்ட் கிடையாது. யுஎஸ்பியிலிருந்து மாற்றும் கேபிள் வாங்கினால் பிரிண்டர் ஓடும். டாங்கிள் பெரும்பாலும் ஓடாது.

தொழிற்கூடங்களில் இன்னும் சிக்கல். டாஸிலோ விண்டோஸ் 98இலோ ஓடும் கட்டுப்பாட்டுக் கணினியில், இயந்திரத்தோடு பேச நீளமான ஐஎஸ்ஏ கார்டு ஒன்று இருக்கும். இயந்திரம் லட்சங்களில், கணினி சில ஆயிரத்தில். கணினி செத்தால் இயந்திரமும் நிற்கும். கார்டைச் செருகப் புது மதர்போர்டில் துளையே இல்லை.

வெளியூர்க் கதைகளும் உண்டு. 2015 நவம்பர் 7 அன்று பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில், மூடுபனி நேரத்தில் பார்வைத் தொலைவை விமானிகளுக்குச் சொல்ல உதவும் அமைப்பு நின்றுபோய் விமானங்கள் காத்துக் கிடந்தன. அது ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 3.1இல். சான்பிரான்சிஸ்கோவின் நகர ரயில், 1998இல் நிறுவிய கட்டுப்பாட்டு அமைப்பை ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியிலிருந்து ஏற்றி ஓட்டியது. அதை மாற்ற 2024 அக்டோபரில்தான் ஹிட்டாச்சியோடு 21.2 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நம் ரிசர்வ் வங்கியே 2018 ஜூனில், ஏடிஎம்களிலிருந்து எக்ஸ்பி போன்ற ஆதரவற்ற ஓஎஸ்களை 2019 ஜூனுக்குள் எடுத்துவிடும்படி வங்கிகளுக்குக் கெடு வைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல் 8 அன்று!

நம் கல்லூரிகளையும் சொல்லியாக வேண்டும். 1990களின் தொடக்கத்து டர்போ சி++ நீலத் திரையில் நிரல் எழுதிப் பழகிய தலைமுறைகள் இங்கே ஒன்றல்ல. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடாது என்றானபோது பாடத்திட்டம் மாறும் என்று எதிர்பார்த்தோம். பல இடங்களில் டாஸ்பாக்ஸ் என்ற கற்பனைக் கணினிக்குள் அதே நீலத் திரையை ஏற்றிக்கொடுத்தார்கள். ரயிலுக்கும் இயந்திரத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. இதற்கு ஒன்றும் இல்லை.

என்ன செய்யலாம்?

மென்பொருள் மட்டும் வேண்டுமென்றால் நிஜ வன்பொருளோடு மல்லுக்கட்டாதீர்கள். கற்பனைக் கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸிலோ விஎம்வேரிலோ எக்ஸ்பி அரை மணி நேரத்தில் ஏறிவிடும். விண்டோஸ் 98க்கும் டாஸ் விளையாட்டுகளுக்கும் 86பாக்ஸ் நல்லது. பழைய மதர்போர்டு, பழைய ஒலி அட்டை என்று அந்தக் காலத்துப் பெட்டியையே முழுதாகப் போலச் செய்துகொடுக்கும், மெதுவான வேகம் உட்பட. எச்பி தன் டாஸ் மாடலில் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

டாங்கிளும் கார்டும் நடுவில் வந்தால் கணக்கு மாறுகிறது. அப்போது நல்ல வழி, புதுப் பெட்டியை வளைப்பதைவிட, பழைய பெட்டி ஒன்றைத் தேடி வாங்குவது. 2012ஐ ஒட்டிய மதர்போர்டுகளில் எக்ஸ்பி தகராறில்லாமல் ஏறும். சிலவற்றில் பிரிண்டர் போர்ட்டும் இருக்கும். ஐஎஸ்ஏ கார்டுக்கு மட்டும் இதைவிடப் பழைய பெட்டி வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பொறுமையாக அலைந்தால் இவை இன்னும் கிடைக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை உடனே ஒரு நகல் எடுத்துவையுங்கள். அந்தப் பெட்டியை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, கைகழுவிய எக்ஸ்பிக்கும் அவசரமாக ஒட்டுப்போட மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. ஒவ்வொரு முறையும் அப்படி வரமாட்டார்கள்.

விளையாட்டாகச் செய்கிறவர்களுக்கோ இது பொற்காலம். எஸ்பிஇமு என்ற நிரல், இன்றைய லேப்டாப்பின் ஒலிச் சிப்பை 1990களின் சவுண்ட் பிளாஸ்டராக டாஸுக்குக் காட்டுகிறது. சிஎஸ்எம்ராப் என்ற திட்டம், பயாஸ் இல்லாத பெட்டியில் யுஇஎஃப்ஐக்கு மேல் சீபயாஸ் என்ற பயாஸை ஏற்றி, உற்பத்தியாளர்கள் கழற்றிய அந்த 1981 வேடத்தை மறுபடி மாட்டிவிடுகிறது. திரையைத் தொடங்கும் பத்தாம் எண்ணும் அதில் திரும்பி வருகிறது. அருங்காட்சியகங்கள் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை இப்படிச் சம்பளமில்லாத ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பிராசசரின் அடியாழத்தில் மட்டும் பழசு இன்னும் அசையவில்லை. 2023இல் இன்டெல், 16 பிட் தொடக்கத்தையே தூக்கிவிட்டு 64 பிட்டிலேயே கண்விழிக்கும் எக்ஸ்86எஸ் என்ற திட்டத்தை முன்வைத்தது. 2024 டிசம்பரில் அதைக் கைவிட்டது. ஆக, 8086 தப்பித்துவிட்டது, பயாஸ் தப்பிக்கவில்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் முடிந்தது. பழைய ஓஎஸ் பட்டியலில் அடுத்த பெயர் அதுதான். 16 பிட் நிரல்களை நேரடியாக ஓட்டும் வசதி அதன் 32 பிட் பதிப்போடு முடிகிறது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. கடையில் ஏதாவது பழைய பில்லிங் நிரலை இன்னும் நம்பியிருப்பவர்கள், அந்த 32 பிட் இமேஜை இப்போதே இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.